வீட்டிலேயே காருக்கு வினைல் ராப் ஒட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டு போர்டிகோவில் வைத்துத்தான் என் வெள்ளை ஹேட்ச்பேக் காரின் கூரைக்குக் கறுப்பு வினைல், அதாவது பெயிண்டின்மேல் ஒட்டும் மெல்லிய நிறப் பிளாஸ்டிக் படலம், ஒட்டினேன். அதன்பின் பானெட், சைடு மிரர்கள், மச்சானின் செடான், தம்பியின் ஸ்கூட்டர் என்று வேலை நீண்டது. வண்டியைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முன் அனுபவமே இல்லாதவர் வீட்டில் ஒட்ட முடியுமா?

முடியும். எந்தப் பாகத்தில் கை வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கூரை சமதளம், வளைவு குறைவு, முதல் முயற்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அடுத்து பானெட், அதற்கடுத்து டிக்கி. கதவுகளில் கைப்பிடி, பீடிங் என்று இடைஞ்சல் அதிகம். பம்பரை மட்டும் முதல் வருடத்தில் தொடாதீர்கள். நான் இன்னும் பம்பரைக் கடையில்தான் கொடுக்கிறேன்.

முழு வண்டியையும் முதல் தடவையே எடுத்துக்கொண்டு பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். தைரியம் குறைவு என்பதல்ல காரணம். அது கைப்பழக்கம் உள்ள இருவருக்கே சில நாள் பிடிக்கும் வேலை.

ஸ்டிக்கர், ராப், பி.பி.எஃப். மூன்றும் ஒன்றா?

இல்லை. கடையில் எல்லாவற்றையும் ஸ்டிக்கர் என்றே சொல்வார்கள், அதனால்தான் குழப்பம். ராப் என்பது வண்டியின் பாகத்தை முழுவதும் மூடும் நிற வினைல். பி.பி.எஃப். பெரும்பாலும் நிறமில்லாத, தடிமனான பாலியூரித்தேன் படலம். கல் தெறித்து பெயிண்ட் போகாமல் காப்பதற்காக அதை ஒட்டுகிறார்கள். ஒட்டும் முறையும் வேறு: பி.பி.எஃப். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவது, ராப் உலர்வாக ஒட்டுவது. யூடியூபில் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை ஒட்டப் போய், வினைலுக்குள் தண்ணீர் அடைபட்டுத் தவித்தவர்கள் உண்டு.

பெயிண்டுக்குப் பதிலாக வினைல் என்ற யோசனைக்கு ஜெர்மனி டாக்சிகள் ஒரு பெரிய காரணம். அங்கே டாக்சி என்றால் வெளிர் மஞ்சள் கலந்த தந்த நிறம்தான் என்று விதி இருந்தது. அந்த நிறத்தில் பெயிண்ட் அடித்த காரைப் பின்னால் விற்பது கஷ்டம். 1990களில் அந்த நிறத்தில் ஃபிலிம் வந்தது, வண்டியை விற்கும்போது உரித்துவிட்டார்கள். வீட்டில் ஒட்டும் நமக்கும் அதே வசதிதான். மனம் மாறினால் பழைய நிறம் அடியிலேயே இருக்கிறது.

எந்த ஃபிலிம் வாங்குவது? ஒரே கறுப்பில் ஒன்று மலிவு, ஒன்று பல மடங்கு விலை. ஏன்?

இதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள் என்று கை பிடித்துச் சொல்வேன். வினைல் ஃபிலிம் இரண்டு விதமாகத் தயாராகிறது: காலண்டர்டு, காஸ்ட்.

காலண்டர்டு என்பது சப்பாத்தி மாதிரி. பி.வி.சி. கலவையைச் சூடான உருளைகளுக்கிடையே விட்டு நசுக்கி, இழுத்து, மெல்லிய தகடாக்குகிறார்கள். சப்பாத்தி மாவைத் தேய்த்துவிட்டுக் கையை எடுத்தால் ஓரம் உள்ளே சுருங்குகிறது இல்லையா, அதே குணம் இந்த ஃபிலிமிலும் இருக்கிறது. வெயில் பட்டதும் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். காஸ்ட் என்பது தோசை மாதிரி. திரவமாக இருக்கும் கலவையைச் சமதளத்தில் மெல்லிசாக ஊற்றி, அடுப்பில் காயவைத்து எடுக்கிறார்கள். யாரும் அதை இழுக்கவில்லை, நசுக்கவில்லை, அதனால் திரும்பிப் போக அதற்கு வேறு அளவு இல்லை. வளைவில் அடங்கி உட்காரும், வெயிலில் சுருங்குவது மிகக் குறைவு.

சமதளமான கடைப் பலகைக்கும் வேன் பக்கவாட்டு எழுத்துக்கும் காலண்டர்டு போதும். காருக்குக் காஸ்ட்தான். 3எம், ஏவரி டென்னிசன், ஓராஃபோல் போன்ற நிறுவனங்களிடம் இரண்டு வகையும் உண்டு. எனவே பிராண்டு பெயரைக் கேட்டு மட்டும் வாங்காமல், ராப் செய்வதற்கான காஸ்ட் ஃபிலிமா, ஒட்டும் பக்கம் காற்று வெளியேறும் நுண்ணிய வாய்க்கால்கள் உள்ளதா என்று கேளுங்கள். பின்தாளை ஒரு மூலையில் உரித்துப் பார்த்தால், பசையின்மேல் வலைப்பின்னல் போன்ற கோடுகள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். சென்னைக்காரர்கள் ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் கையால் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். ஆன்லைனில் அந்த வசதி இல்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வேலைக்குப் பளபளப்பில்லாத மேட் அல்லது லேசாக மின்னும் சாட்டின் எடுங்கள். பளபளக்கும் கறுப்பில் அடியில் சிக்கிய ஒரு மணல் துகள்கூடக் காட்டிக் கொடுத்துவிடும். குரோம் பக்கமே போக வேண்டாம்.

எத்தனை மீட்டர் தேவைப்படும்?

ராப் ரோல் பெரும்பாலும் 1.52 மீட்டர் அகலம். நீளத்தை மட்டும் கணக்குப் போட்டால் போதும். பாகத்தை டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு பக்கமும் 8 முதல் 10 சென்டிமீட்டர் சேருங்கள். ஹேட்ச்பேக் கூரைக்கு 2 மீட்டருக்குள் அடங்கிவிடும். முதல் தடவை என்றால் ஒரு பானெட் அளவு கூடுதலாக வாங்குங்கள். பின்னால் போய் அதே நிறம் கேட்டால் வேறு தடவை தயாரித்த ரோல் வரும், வெயிலில் நிற்கும்போது வித்தியாசம் தெரியும்.

போலீஸ், ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

ஆர்.சி.யில் உங்கள் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கிறது. கூரை, மிரர் மட்டும் மாற்றினால் வண்டியின் அடிப்படை நிறம் மாறுவதில்லை. முழு வண்டியின் நிறத்தையும் மாற்றினால், அது பெயிண்டோ வினைலோ, முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து ஆர்.சி.யில் பதிந்துகொள்வதே சரி. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு இதைப் பேசுவதைவிட முன்பே பேசுவது நல்லது.

இளைஞர்கள் அதிகம் கேட்பது ராணுவப் பச்சை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் என்று இருக்கிறது. அதைத் தவிர்த்துவிடுங்கள். மிச்சமான துண்டைக் கண்ணாடியில் ஒட்டும் ஆசையும் வேண்டாம். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. நம்பர் பிளேட்டில் எதையுமே ஒட்டக்கூடாது.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஃபிலிமுக்கு 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரைதான் இதமான சூடு. அதற்குமேல் போனால் வினைல் தளர்ந்து, இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். பசையும் தொட்ட இடத்தில் உடனே பிடித்துக்கொள்ளும், திரும்பத் தூக்கி ஒட்ட விடாது. சித்திரையில் மத்தியான வெயிலில் நின்ற கார் பானெட்டில் கை வைக்க முடியாது, வினைல் எப்படி வைப்பது?

நான் தை, மாசியில்தான் செய்வேன். மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. முந்தைய நாள் இரவே வண்டியை நிழலில் நிறுத்தி, காலை 6 மணிக்குத் தொடங்கினால் 10 மணிக்குள் ஒரு பானெட் முடியும். ஆனால் மார்கழி, தை அதிகாலையில் உலோகத்தில் பனி படிந்திருக்கும். துடைத்த பிறகும் கொஞ்சம் காயவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

தூசிதான் பெரிய எதிரி. ஃபேனை நிறுத்துங்கள். வாசல் தெளிப்பது போலத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூசி அடங்கிவிடும். மழைக்காலத்தில் இரவு விளக்கு போட்டு வேலை செய்யாதீர்கள். ஈசல் ஒன்று உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தை மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

என்னென்ன கருவிகள் தேவை?

ஓரத்தில் ஃபெல்ட் துணி ஒட்டிய ஸ்க்வீஜி (ஃபிலிமை அழுத்தித் தேய்க்கும் தட்டையான தகடு) இரண்டு, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி), முனை ஒடிக்கும் கட்டர், நாலைந்து காந்தங்கள், மாஸ்கிங் டேப், பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் துணிகள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். முடிந்தால் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். வீட்டு ஹேர் டிரையர் சுருக்கம் எடுக்க உதவும், கடைசிச் சூட்டுக்குப் போதாது. ஸ்க்வீஜியின் ஃபெல்ட் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், மேட் ஃபிலிமில் விழுந்த கீறல் போகாது.

வண்டியைக் கழுவினால் போதாதா? சுத்தம் செய்வதற்கு ஏன் இவ்வளவு நேரம்?

பசை பெயிண்டைத் தொட வேண்டும், பெயிண்ட்மேல் இருக்கும் மெழுகையோ எண்ணெயையோ அல்ல. சர்வீஸ் சென்டரில் பாலிஷ் போட்டுத் தந்த பளபளப்பு மெழுகுதான். டயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் அடிக்கும் ஷைனர் ஸ்பிரேயில் பெரும்பாலும் சிலிகான் இருக்கும், அது பறந்து கதவு ஓரங்களில் படிகிறது. அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது.

முதலில் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காயவிடாமல் துடைத்துவிடுங்கள், வெள்ளைத் திட்டு தங்கினால் அதுவும் ஃபிலிமுக்கு அடியில் தெரியும். தார்ப் புள்ளிகள், மரப் பிசின், பூச்சிக் கறை இவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். பிறகு கையால் தடவிப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும். அந்த இடங்களைக் கிளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியால் தேய்த்து எடுக்கலாம். கடைசியாக ஆல்கஹால், ஒரு துணியால் தடவி, இன்னொரு காய்ந்த துணியால் உடனே துடைப்பது.

ஓரங்களை மறக்காதீர்கள். பானெட்டைத் திறந்தால் அடியில் மடிப்பு இருக்கும், ஃபிலிம் முடியும் இடம் அதுதான். அங்கேதான் வருடக்கணக்கான அழுக்கும் கிரீஸும் இருக்கிறது. நடுப்பகுதிக்கு 10 நிமிடம் செலவழித்தால் ஓரத்துக்கு 30 நிமிடம் செலவழியுங்கள்.

பெயிண்ட் உரிந்திருக்கிறது, சின்னத் துருவும் இருக்கிறது. ராப் போட்டு மறைக்கலாமா?

வேண்டாம். ஃபிலிமின் தடிமன் மொத்தமே 0.1 மில்லிமீட்டர் அளவுதான், நாம் எழுதும் தாள் மாதிரி. அடியில் இருக்கும் குழி, கீறல், உரிந்த ஓரம் எல்லாம் மேலே தெரியும். துரு அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்த பிறகு ஒட்டுங்கள். புது பெயிண்டில் இருக்கும் கரைப்பான் வெளியேற மூன்று, நான்கு வாரமாவது விட வேண்டும். அவசரப்பட்டால் வாயு அடைபட்டுக் கொப்புளம் வரும்.

சரி, பானெட்டை எப்படி ஒட்டுவது?

வாஷர் நாசில், லோகோ போன்றவற்றைக் கழற்றுங்கள். ஃபிலிமைப் பின்தாளோடு பானெட்மேல் விரித்து, எல்லாப் பக்கமும் மிச்சம் தொங்குகிறதா பார்த்துக் காந்தம் வையுங்கள். உதவிக்கு ஒருவர் வேண்டும். கூரையைக்கூடத் தனியாக ஒட்ட முயன்று ஒன்றரை மீட்டர் ஃபிலிமை வீணாக்கியிருக்கிறேன்.

இருவரும் எதிரெதிரே நின்று, பின்தாளை முழுவதும் உரித்து, நாலு மூலையும் பிடித்துக் கட்டில் விரிப்பை விரிப்பது போல இறக்குங்கள். மெல்ல விறைப்பாகப் பிடித்தால் நடுவில் மட்டும் பெயிண்டைத் தொடும், மற்ற இடம் அந்தரத்தில் நிற்கும். விறைப்பு வேறு, நீட்டுவது வேறு. சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள்.

இப்போது ஸ்க்வீஜி. நடுவில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து வெளியே தள்ளுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதியை மூட வேண்டும். சுருக்கம் முன்னால் வந்து நின்றால் அதன்மேல் அழுத்திவிடாதீர்கள், மடிப்பு நிரந்தரமாகிவிடும். அந்தப் பகுதியை மெதுவாகத் தூக்கி, ஹீட் கன்னைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இரண்டு மூன்று விநாடி சூடு காட்டுங்கள். சுருங்கிய வினைல் கண் முன்னாலேயே சமமாகிவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கிருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. பிறகு திரும்ப ஒட்டலாம்.

ஓரத்துக்கு முன் 5 சென்டிமீட்டரில் நிறுத்துங்கள். ஓரத்தை முடிக்கும் விதம் அடுத்த கேள்வியில்.

ஓரமும் மூலையும் ஏன் ஒரு மாதத்தில் தூக்கிக்கொள்கின்றன?

என் முதல் பானெட் தை மாதத்தில் கண்ணாடி போல இருந்தது. முன் மூலைகள் இரண்டையும் சூடுபடுத்தி, பலமாக இழுத்து, விளிம்போடு சேர்த்து வெட்டியிருந்தேன். கத்திரி வெயில் வந்ததும் இரண்டு மூலையிலும் ஃபிலிம் மூன்று மில்லிமீட்டர் பின்வாங்கி, வெள்ளைப் பெயிண்ட் பிறை மாதிரி எட்டிப் பார்த்தது. கடையில் கேட்டபோது பசை சரியில்லை என்றார்கள். பசையில் குறையே இல்லை. நான் இழுத்த இழுப்பை ஃபிலிம் மறக்கவில்லை.

காஸ்ட் ஃபிலிமுக்குப் பிறவியில் சுருங்கும் குணம் குறைவு. ஆனால் ஒட்டும்போது நாமே நீட்டினால் அந்த நீட்டலை அது நினைவில் வைத்துக்கொள்ளும். எனவே முதல் வழி, மூலையில் நீட்டாமல் முடிப்பது. இரண்டு பக்க ஓரங்களையும் முதலில் அடக்கி, மிச்சத்தை மூலைக்குக் கொண்டுவாருங்கள். மூலையைப் பிடித்து வெளியே இழுப்பதற்குப் பதில், சுற்றியிருக்கும் அகன்ற பகுதியைத் தூக்கி, அதில் இருக்கும் தளர்வை மூலைக்கு நகர்த்துங்கள். நீட்டல் ஒரு சின்ன இடத்தில் குவியாமல் பெரிய பரப்பில் பரவ வேண்டும்.

இரண்டாவது, விளிம்போடு வெட்டாதீர்கள். 5 முதல் 10 மில்லிமீட்டர் உள்ளே மடங்க வேண்டும். மடிப்பதற்கு முன் கையை விட்டு, ஃபிலிம் தானாக நிற்கும் நிலைக்கு வந்ததும் ஒட்டுங்கள். இழுத்தபடியே ஒட்டினால் அந்த இழுவிசை இரவும் பகலும் பசையோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, கடைசிச் சூடு. வேலை முடிந்ததும் எல்லா ஓரத்தையும் மூலையையும் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சூடாக்க வேண்டும். சரியான எண் ஃபிலிமோடு வரும் குறிப்பில் இருக்கும். அந்தச் சூட்டில் வினைல் தன் பழைய வடிவத்தை விட்டுவிட்டு, இப்போதிருக்கும் வடிவத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது. சுருக்கம் எடுக்கக் காட்டும் இளஞ்சூடு இதற்குப் போதாது. தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ஓர் இடத்திலேயே காட்டி நிற்காமல் மெதுவாக நகர்த்துங்கள், நின்றால் ஃபிலிம் பொசுங்கும்.

மிரரும் பம்பரும் கஷ்டமாக இருப்பதற்கும் இதே காரணம்தான். எல்லாப் பக்கமும் வளைவு, நீட்டாமல் முடிக்கவே வழியில்லை. ஆழமான குழி இருந்தால் அங்கே முதலில் ஒரு தனித் துண்டு ஒட்டி, மேலே பெரிய துண்டை ஒட்டுவார்கள். இணைப்புக் கோடு தெரிந்தாலும் அது தூக்கிக்கொள்ளாது.

பெயிண்டில் கீறல் விழாமல் எப்படி வெட்டுவது?

பெயிண்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு, ஃபிலிமின் பாதித் தடிமன்தான் இருக்கும். அழுத்தி வெட்டினால் அடிவரை போய்விடும். புது பிளேடு, கூரான முனை, எடையே இல்லாத கை. வெட்டிய சில அடிக்கு ஒருமுறை முனையை ஒடித்துவிடுங்கள். முடிந்தவரை பாகங்களுக்கு இடையிலான இடைவெளியில் வெட்டுங்கள்.

பெயிண்ட்மேல்தான் வெட்டியாக வேண்டும் என்றால் நைஃப்லெஸ் டேப் வாங்குங்கள். டேப்புக்குள் ஒரு நூல் இருக்கும். முதலில் டேப்பை ஒட்டி, மேலே வினைலை ஒட்டி, நூலை இழுத்தால் வினைல் கோடு போட்ட மாதிரி அறுந்துவிடும். பிளேடே தேவையில்லை.

குமிழ் வந்துவிட்டதே?

சின்னக் குமிழ்களை விட்டுவிடுங்கள், சில நாள் வெயிலில் பெரும்பாலும் தானாகப் போய்விடும். பெரியதைக் கட்டைவிரலால் ஓரத்துக்குத் தள்ளுங்கள். போகவில்லை என்றால் மெல்லிய ஊசியால் சாய்வாக ஒரு குத்து, பிறகு அழுத்தம். உள்ளே கூர்மையாக நிற்பது மணல் என்றால் பசை இறுகும் முன் தூக்கி எடுத்துவிடுங்கள்.

பைக், ஸ்கூட்டருக்கும் இதே முறையா?

முறை ஒன்றுதான், வளைவுகள்தான் அதிகம். பெட்ரோல் டேங்கில் மூடியைச் சுற்றி அரை அங்குலம் ஒட்டாமல் விடுங்கள். பங்கில் சிந்தும் பெட்ரோல் ஓரத்தில் புகுந்து பசையை இளக்கிவிடும். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் வினைல் நிற்காது, முயற்சியே வேண்டாம்.

ஒட்டிய பிறகு எப்படிப் பராமரிப்பது?

ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதன்பின் கையால் கழுவுவதே நல்லது. பிரஷர் வாஷ் என்றால் குழாய் முனையை ஓரங்களுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பறவை எச்சத்தை அன்றே துடைத்துவிடுங்கள்.

ஆயுத பூஜைக்கு ஒரு சொல். மேட் ஃபிலிமில் நேரடியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தால் கறை நுண்துளைகளில் தங்கிவிடும். எங்கள் வீட்டில் அம்மா இப்போது நம்பர் பிளேட்டுக்கு மேல் உள்ள ராப் போடாத இடத்திலும் கண்ணாடியிலும் பொட்டு வைக்கிறார். பூஜைக்கு எந்தக் குறையும் இல்லை.

எத்தனை வருடம் வரும்? எப்படி உரிப்பது?

கதவும் பக்கவாட்டும் அதிக நாள் தாங்கும், வானத்தைப் பார்த்திருக்கும் கூரையும் பானெட்டும் முதலில் தளரும். நிழலில் நிற்கும் வண்டிக்கும் தெருவில் நிற்கும் வண்டிக்கும் சில வருட வித்தியாசமே வரும். நிறம் மங்கி, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் உரித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஃபிலிம் நொறுங்கித் துண்டு துண்டாக வரும், ஒரு மணி நேர வேலை இரண்டு நாளாகும்.

ஒரு மூலையைச் சூடாக்கித் தூக்கி, பெயிண்டோடு ஒட்டிப் படுத்தவாறு மெதுவாக இழுங்கள். செங்குத்தாக மேலே இழுத்தால் ஃபிலிம் கிழியும், ரீபெயிண்ட் செய்த பாகமாக இருந்தால் பெயிண்டும் கூடவே வரும். கம்பெனி பெயிண்டில் அந்தப் பயம் மிகக் குறைவு. தங்கிய பசையை எடுக்கத் தின்னர் ஊற்றாதீர்கள், பசை எடுக்கும் திரவம் கடையிலேயே கிடைக்கிறது. ராப் இருந்த இடத்தின் பெயிண்ட் புதிதாகவும் பக்கத்தில் வெயில் பட்டது மங்கியும் தெரியலாம். மங்கிய பக்கத்துக்கு ஒரு நல்ல பாலிஷ் போட்டால் வித்தியாசம் பெருமளவு குறையும்.